கண்ணாடியும் குழாயும் கொண்டு கடலடியைக் காணுதல்

பெரியாறு நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள குமுளி, கடல் மட்டத்திற்கு மேல் 800 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் அமைந்த மலையூர். கடலைப் பற்றிய பாடம் ஒன்றை அவ்வூரிலிருந்து தொடங்குவது பொருந்தாச் செயலாகத் தோன்றக்கூடும். ஆனால் மேற்கு நோக்கி அரபிக் கடலில் விழவேண்டிய பெரியாற்று நீரின் ஒரு பகுதி, 1895ஆம் ஆண்டு முதல், தேக்கடியில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு வருகிறது. அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் பாய்ந்து, வைகையுடன் கலந்து, மதுரையைக் கடந்து இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நோக்கிச் செல்கிறது. பல ஆண்டுகளில் வைகை நீரில் ஒரு துளியும் கடலைக் காண்பதில்லை. கண்மாய் நிரம்பி வழியும் ஆண்டுகளில் மட்டும், எஞ்சிய நீர் ஆற்றங்கரை என்னும் சிற்றூரின் அருகே பாக் விரிகுடாவை அடைகிறது. ஆகவே குமுளிப் பள்ளிகளின் மாணாக்கர் தங்கள் மலைநீர் செல்லும் வழியைத் தொடர்ந்து சென்று கடலைக் காண விரும்பினால், அவர்கள் போய்ச் சேருமிடம் ஆற்றங்கரைக்கும் மண்டபத்திற்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடலேயாகும்.

இக்கடற்கரையில் அரியமான், பிரப்பன்வலசை முதலிய இடங்களில் இப்போது பயணிகள் வந்து தங்குகின்றனர். முகத்தில் கண்ணாடியும் வாயில் சுவாசக் குழாயும் பொருத்தி நீரின்மேல் மிதந்தவாறே கடலடியைக் காணும் பழக்கமும் பரவி வருகிறது. இதனை வெறும் விளையாட்டாகக் கருதி விட்டுவிடுதல் தகாது. பிராணிநூலிலும் தாவரநூலிலும் படமாகவும், புட்டியில் ஊறிய உருவமாகவும் மட்டுமே மாணாக்கர் அறிந்துள்ள உயிர்களுட் பலவற்றை அவை வாழும் நிலையிலேயே காண்பதற்கு இதனினும் மலிவான வழி வேறில்லை.

நீரின்மீது இருந்துகொண்டு உயிர்களைக் காணும் வழக்கம் குமுளிக்குப் புதியதன்று. தேக்கடியில் படகில் அமர்ந்து, கரையில் நீர் அருந்த வரும் யானைகளையும் காட்டெருமைகளையும் கண்டு செல்வோர் ஏராளம். அங்கே பயணிகள் நீரில் இறங்க அனுமதி இல்லை. அவ்விடத்திலேயே 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையிலுள்ள விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும், அச்சாய்வைத் தாங்கும் நிலைத்தன்மை படகுக்கு இல்லாதிருந்ததும் அப்போது பேசப்பட்ட காரணங்கள். மாணாக்கரை நீர்நிலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் நன்று. காணும் ஆவல் மிகும்போதுதான் மனிதன் தன் நிலையை மறக்கிறான். படகிலும் சரி, நீரிலும் சரி, இது பொருந்தும்.

கண்ணுக்கு நேரும் இடையூறு

நீருக்குள் கண்ணைத் திறந்தால் யாவும் மங்கலாகவே தெரியும். நீர் கலங்கியிருப்பதால் இவ்வாறு தோன்றுகிறது என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. பொருள்களிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைக் கண்ணின் முற்புறத்திலுள்ள வளைந்த ஒளிபுகு படலமே செய்கிறது. காற்றிலிருந்து அப்படலத்தினுள் புகும் கதிர் நன்கு வளைகிறது; நீரிலிருந்து புகும் கதிரோ, நீரும் படலமும் ஒளியைப் பொறுத்தமட்டில் ஏறத்தாழ ஒரே தன்மையுடையன ஆதலால், வளைவதில்லை என்றே சொல்லலாம். உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்றை நீர் நிறைந்த பாத்திரத்தினுள் அமிழ்த்தி, அடியில் வைத்த எழுத்தைப் பார்த்தால், அதன் பெருக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்திருப்பதை வகுப்பிலேயே காட்டிவிடலாம்.

முகக்கண்ணாடி செய்வதெல்லாம் கண்ணுக்கு முன்னால் சிறிது காற்றைத் திரும்ப வைப்பதே. தட்டையான கண்ணாடியின் வழியே பார்க்கும்போது, நான்கு மீட்டர் தொலைவிலுள்ள பொருள் மூன்று மீட்டர் தொலைவில் உள்ளதுபோல் தோன்றும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் 40 சென்டிமீட்டர் நீளமுள்ளதாகத் தெரியும். கடலில் கண்ட மீனின் அளவை மாணாக்கர் மிகைப்படுத்திக் கூறினால் அவர்களைப் பொய்யர் என்று கடிந்துகொள்ளாமல், அதில் நான்கில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளச் சொல்வது முறை. மேலும், சிவப்பு ஒளியை நீர் விரைவில் உறிஞ்சிவிடுவதால், சில மீட்டர் ஆழத்திலேயே செந்நிறப் பொருள்கள் பழுப்பாகவும் கருமையாகவும் தோன்றத் தொடங்கும்.

அந்தமான் கடற்பகுதியில், தாய்லாந்துக் கரையோரம் படகுகளில் வாழ்ந்துவந்த மோக்கன் இனத்துச் சிறுவர் கண்ணாடி ஏதுமின்றியே கடலடியில் சிறு பொருள்களைக் கண்டு பொறுக்குவர். ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளின்படி, அச்சிறுவரின் பார்வை நீருக்குள் ஐரோப்பியச் சிறுவரின் பார்வையைவிட இரு மடங்குக்கும் மேல் கூர்மையாயிருந்தது. அவர்கள் பாவையை மிகச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதே அதன் காரணம். பயிற்சியளித்தபின் ஐரோப்பியச் சிறுவர்க்கும் அத்திறன் கைவந்தது என்பது பின்னர் அறியப்பட்டது.

குழாயின் நீளம் ஏன் குறைவு

சுவாசக் குழாய் சுமார் 40 சென்டிமீட்டர் நீளமே உடையது. நீண்ட குழாயைக் கொண்டு கடலடியிலேயே நடமாடலாமே என்று கேட்காத மாணாக்கர் இலர். இக்கேள்விக்கு விடை கூறுவது எளிது. கூறியே தீரவும் வேண்டும். ஏனெனில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயை வெட்டிச் சோதித்துப் பார்க்க முயலும் சிறுவர் எங்கும் உண்டு.

ஓய்வாயிருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் இழுக்கும் காற்று அரை லிட்டர் அளவினது. அதில் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்கிளைகள் ஆகியவற்றிலேயே தங்கி, நுரையீரலின் நுண்ணறைகளை எட்டாமல் திரும்பிவிடும். 40 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாய் மேலும் சுமார் 125 மில்லிலிட்டரை வீணாக்குகிறது, இது தாங்கக்கூடியதே. குழாயை ஒரு மீட்டராக நீட்டினாலோ அதில் மட்டும் 314 மில்லிலிட்டர் காற்று அடங்கும். வெளியே விட்ட கரியமில வாயுவையே மீண்டும் மீண்டும் இழுக்க நேரும். இஃதன்றி, ஒரு மீட்டர் ஆழத்தில் மார்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் நீர் 100 கிராம் எடையளவு அழுத்துகிறது. அந்த அழுத்தத்திற்கு எதிராக விலா எலும்புகளை விரித்து, நீர்மட்டத்திலுள்ள காற்றை இழுக்க மார்புத் தசைகளால் சில மூச்சுக்கு மேல் இயலாது. ஆகவே இக்குழாய் மிதப்பவர்க்கு உரியதே அன்றி மூழ்குபவர்க்கு உரியதன்று.

மூச்சை அடக்கி மூழ்கும் வழக்கம் வேறு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் கனத்த கல்லின் துணையால் இறங்கி, கயிற்றின் துணையால் ஏறினர். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. இன்று அக்கலையை நடைமுறையில் காக்கின்றவர்கள் பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்களே எனலாம். நீச்சற் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணியைச் சுற்றி, பாதத்தில் தகட்டையோ ரப்பர்ச் செருப்பையோ கட்டிக்கொண்டு, அவர்கள் மூழ்கி மூழ்கிப் பாறையிலுள்ள மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கின்றனர். அகர் அகர் செய்ய உதவும் பாசி அது. கடலடியை நாள்தோறும் கண்ணாற் காண்பவர்களாதலின், எந்தத் திட்டில் எது வளர்கிறது, எப்போது குறைகிறது என்பதை அவர்களைக் கேட்டு அறிந்துகொள்ளலாம். களப்பணியாளர் பலர் இதனைச் செய்வதில்லை என்பது குறையே.

மாணாக்கர் மூச்சடக்கி மூழ்குதலை அனுமதித்தல் கூடாது. முன்னதாகப் பலமுறை ஆழ மூச்செடுத்துவிட்டு மூழ்கினால் நெடுநேரம் தாங்கலாம் என்னும் நம்பிக்கை மிக ஆபத்தானது. அவ்வாறு செய்வதால் உடலில் பிராணவாயு அதிகம் கூடுவதில்லை. கரியமில வாயு மட்டுமே குறைகிறது. மூச்சு விடவேண்டும் என்னும் உணர்வைத் தூண்டுவது அந்த வாயுவே ஆதலால், எச்சரிக்கை ஏதுமின்றிப் பிராணவாயு தீர்ந்து நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இவ்வாறு இறக்கின்றனர்.

நீரில் இறங்கும் முறை

மண்டபம் ஒரு குறுகிய நிலநாக்கு. அதன் வடபுறம் பாக் விரிகுடா; தென்புறம் மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர் இவற்றை வடகடல் என்றும் தென்கடல் என்றும் வழங்குவர். கச்சான் காற்று எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அமைதியாயிருக்கும். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகடலில் இறங்குவதால் பயனில்லை, கலங்கல் நீரில் தன் கையே தனக்குத் தெரியாது. தென்கடலின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக உள்ளன. வனத்துறையின் அனுமதியின்றி அத்தீவுகளை அணுகலாகாது.

முகக்கண்ணாடி மூக்கையும் உள்ளடக்கியதாயிருத்தல் அவசியம். அதனைப் பட்டையின்றி முகத்தில் வைத்து, மூக்கால் மெல்லக் காற்றை இழுத்துப் பார்க்கவேண்டும்; கையை எடுத்தபின்னும் விழாமல் நின்றால் அது முகத்திற்குப் பொருந்துவது. மீசை உள்ளவர்க்கு இச்சோதனை பெரும்பாலும் தோல்வியில் முடியும். உள்ளே ஆவி படியாதிருக்க உமிழ்நீரைத் தடவிக் கழுவிக்கொள்வர். இதனினும் சிறந்த மருந்து இன்றுவரை அகப்படவில்லை. முதுகு வெயிலில் வெந்துபோகுமாதலால் முழுக்கைச் சட்டை அணிந்து இறங்குதல் நன்று. வெயில் தடுப்புக் களிம்புகள் சிலவற்றிலுள்ள இரசாயனப் பொருள்கள் பவளத்தின் இளவுயிர்களுக்குக் கேடு செய்வதாக ஆராய்ச்சிகள் காட்டியதையடுத்து, அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் அவற்றின் விற்பனையை 2021ஆம் ஆண்டு முதல் தடைசெய்துள்ளது. சட்டை எவ்வுயிர்க்கும் தீங்கு செய்வதில்லை.

நீந்தத் தெரிந்தவராயினும் மிதப்பு அங்கியுடன், இருவர் இருவராக, இடுப்பளவு நீரில் பழகிய பின்னரே அப்பாற் செல்லவேண்டும். நீரில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசித் தள்ளிக்கொண்டே செல்லுதல் வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அவ்வதிர்ச்சியை உணர்ந்து விலகிவிடும். மேலே மிதித்தால் வாலின் முள்ளால் குத்தும். குத்துப்பட்ட காலைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அழகிய கூம்பு வடிவச் சங்குகளை உயிருடன் கையில் எடுத்தலாகாது. அவற்றுட் சில நச்சு அம்பு எய்வன.

நீரில் இறங்க இயலாதவர்க்கும் அஞ்சுபவர்க்கும் வேறொரு வழி உண்டு. இரண்டு பக்கமும் திறந்த மரப்பெட்டியின் ஒரு பக்கத்தில் கண்ணாடித் தகட்டை நீர் புகாதபடி பொருத்தி, உட்புறம் முழுவதும் கருஞ்சாயம் பூசிவிட்டால், அதுவே நீருக்கடியைக் காட்டும் சாளரமாகும். படகின் ஓரத்திலோ முழங்காலளவு நீரிலோ நின்று, கண்ணாடிப் பக்கத்தை நீரில் சற்றே அமிழ்த்தி, மேலிருந்து நோக்கவேண்டும். தச்சர் ஒருவர் அரை நாளில் செய்து தரக்கூடிய இப்பெட்டியைக் குமுளிப் பக்கத்து ஓடைகளிலும் பயன்படுத்தலாம்.

கடற்புல் வெளி

கரையிலிருந்து செல்லும்போது முதலில் எதிர்ப்படுவது வெறும் மணல். பயணிகள் பலர் இதனைக் கண்டு ஏமாற்றமடைந்து திரும்பிவிடுகின்றனர். இன்னும் சிறிது பொறுத்துச் சென்றால் அடித்தரை பசுமையாக மாறும். இது பாசியன்று, கடற்புல். இவ்வேற்றுமையைக் கண்ணெதிரே காட்டுவதே இப்பயணத்தின் முதற்பயன் என்று கொள்ளலாம். பாசிக்கு மெய்யான வேரும் பூவும் இல்லை. கடற்புல்லோ, தரையிலுள்ள செடிகளைப்போல் வேர், தண்டு, இலை நரம்பு ஆகிய யாவும் பெற்று, நீருக்குள்ளேயே பூத்து, நூல்போன்ற மகரந்தத்தை நீரோட்டத்தில் விட்டுக் காய்ப்பது. நிலத்தில் தோன்றிய பூக்குந் தாவரங்களுள் மீண்டும் கடலுக்குத் திரும்பிய சிறு கூட்டம் இது. இந்தியக் கடல்களில் அறியப்பட்ட கடற்புல் இனங்களுட் பெரும்பாலானவை இப்பகுதியில் வளர்கின்றன. நாடாபோன்ற இலையுடையதும், ஊசிபோல் உருண்ட இலையுடையதும், நாணய அளவினதான முட்டை வடிவ இலையுடையதும் ஒரே இடத்தில் கலந்து நிற்பதைக் காணலாம். நண்பகலில் இலை நுனிகளிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக எழும். ஒளிச்சேர்க்கையால் வெளிப்படும் பிராணவாயு அது. புட்டியும் புனலும் வைத்து வகுப்பில் செய்யும் சோதனையைக் கடல் தானே செய்து காட்டுகிறது.

கடற்புல் வெளியில் விரைந்து நீந்துபவர் ஒன்றையும் காணார். ஓரிடத்தில் கைகால்களை அசைக்காமல் மிதந்து, ஒரு சதுர மீட்டர் அளவுள்ள இடத்தை மட்டும் ஐந்து நிமிஷ நேரம் நோக்கிக்கொண்டிருந்தால், முதலில் வெறுமையாகத் தோன்றிய இடம் உயிர்கள் நிறைந்ததாக மாறும். இலைகளைக் கறித்தவாறு கூட்டமாகச் செல்லும் ஓரா மீன்கள் முதலில் தென்படும். அவற்றின் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. அடியில் நீலக்கால் நண்டு பின்வாங்கி மணலில் புதையும். வெள்ளிபோல் மின்னும் காரல் குஞ்சுகள் இலைகளுக்கிடையே மறையும். சந்தையில் விற்கும் மீன்களும் இறாலும் பல இனங்களில் தங்கள் இளமைப் பருவத்தை இப்புல்வெளியிலேயே கழிக்கின்றன.

கண்ணுக்கு எளிதில் அகப்படாதது கடற்குதிரை. வாலால் புல்லிலையைச் சுற்றிப் பிடித்து, இலையோடு இலையாய் ஆடிக்கொண்டிருக்கும். அதன் இரு கண்களும் தனித்தனியே சுழலக்கூடியவை. பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் ஏற்றுக் குஞ்சு பொரிக்கும் வரை சுமக்கிறது. மணற்பரப்பில் அசைவற்றுக் கிடக்கும் கடல் அட்டைகளைக் கண்டால், அவை சோம்பிக் கிடப்பதாக நினைத்தலாகாது. மணலை விழுங்கி, அதில் ஒட்டியுள்ள மக்கிய பொருள்களை மட்டும் செரித்து, தூய மணலை வெளியேற்றுகின்றன; நிலத்தில் மண்புழு செய்யும் தொண்டு இது. கையில் எடுத்து அழுத்தினால் தம் குடலையே வெளியே தள்ளிவிடும் இனங்களும் இவற்றில் உண்டு. இப்பகுதியிலிருந்து கீழை நாடுகளுக்கு நெடுங்காலமாக ஏற்றுமதியான கடல் அட்டைகளையும், கடற்குதிரைகளையும், பவளங்களையும் பிடிப்பதும் விற்பதும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். காட்சிப் பெட்டிக்கென ஒன்றை எடுத்துச் செல்லும் ஆசிரியருக்கும் இச்சட்டம் பொருந்தும். உருவங்களை அருகிருந்து காட்ட வேண்டுமானால், மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிசாலைக்குச் செல்லலாம். 1949ஆம் ஆண்டு முதல் இருபதாண்டுகளுக்கும் மேலாக அந்நிலையத்தின் தலைமையகம் மண்டபத்திலேயே இருந்தது. இப்போது அது கொச்சியில் உள்ளது.

புல்வெளியில் சில வேளைகளில் ஒரு சாண் அகலத்தில், சில மீட்டர் நீளத்திற்கு வளைந்து செல்லும் வெற்றுத் தடம் காணப்படும். படகின் நங்கூரம் இழுத்த தடம் நேராகவும் ஆழமாகவும் இருக்கும். வளைந்து, வேரோடு புல் பிடுங்கப்பட்டிருந்தால், அது கடற்பசு மேய்ந்த தடமாகலாம். மீனவர் ஆவுளியா என்றழைக்கும் இப்பிராணி மீனன்று. காற்றைச் சுவாசித்து, குட்டிக்குப் பாலூட்டி வளர்ப்பது. நாளொன்றுக்கு 30 கிலோகிராமுக்கும் மேற்பட்ட புல்லைத் தின்னும். ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலால் வலையில் சிக்கி மூச்சுத் திணறி இறக்கும் ஒவ்வொன்றும் ஈடுசெய்ய அரிதான இழப்பு. இந்தியக் கடல்களில் எஞ்சியுள்ளவை சில நூறே இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அங்கும் இங்கும் கடற்பசுவையே நேரில் காண்போம் என்று மாணாக்கருக்கு வாக்களித்தல் வேண்டாம். தடத்தைக் கண்டு அதன் நீளத்தையும் இடத்தையும் குறித்துவருவதே போதிய வெற்றியாகும்.

வெண்பவளம் பற்றிய தவறான எண்ணம்

கடற்புல்லுக்கு அப்பால், மண்டபத்தை ஒட்டிக் கரைக்கு இணையாகப் பவளப்பாறை செல்கிறது. சில இடங்களில் நீரின் ஆழம் ஓர் ஆள் உயரத்திற்கும் குறைவு. கடைகளில் விற்ற வெண்பவளத்தைக் கண்டு பழகியவர்கள், உயிருள்ள பவளமும் வெண்மையாகவே இருக்குமென எதிர்பார்க்கின்றனர். உயிருள்ள பவளம் பெரும்பாலும் பழுப்பு அல்லது பசுமை கலந்த நிறமுடையது. பவள உயிரின் திசுக்களில் வாழும் ஒற்றைச் செல் பாசிகளே அந்நிறத்திற்குக் காரணம். பவளத்தின் உணவில் பெரும்பங்கும் அப்பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் கிடைக்கிறது. கடல்நீரின் உஷ்ணநிலை கோடையில் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. வெளுத்த பவளம் உடனே இறப்பதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் மீளும், இல்லையேல் பட்டினியால் மடியும். இப்பகுதியில் 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் பெருமளவில் வெளுப்பு நேர்ந்தது. ஆகவே நீருக்குள் தூய வெண்மையான பவளத்தைக் கண்டால், அழகு என்று வியப்பதைக் காட்டிலும், எந்த நாளில் எவ்விடத்தில் கண்டது எனக் குறித்து வனத்துறைக்கோ ஆராய்ச்சி நிலையத்திற்கோ தெரிவித்தல் உதவியாக இருக்கும்.

உருண்டையான பெரும்பவளங்கள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே உயர்கின்றன. ஒரு மீட்டர் உயரமுள்ள பவளக்குன்று நூறாண்டு வயதினதாயிருத்தல் கூடும். களைப்பாற அதன்மேல் ஏறி நிற்பவர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. கிளைத்த பவளமோ காலுதையிலேயே ஒடிந்துவிடும். துடுப்புக் காலணி அணிந்தவர்கள் தமக்குப் பின்னால் என்ன ஒடிகிறது என்பதையே அறியார். மாணாக்கருக்கு அக்காலணி தேவையில்லை. இக்கரையோரம் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு காய்ச்சிய காலமும் இருந்தது. மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போனதற்கு, அரணாயிருந்த பாறையை வெட்டியதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

தெளிவை அளத்தல்

புல்லுக்கும் பவளத்துக்கும் பொதுவான தேவை ஒளி. நீர் கலங்கினால் ஒளி குறையும். படியும் வண்டல் இலையையும் பவள வாயையும் மூடும். குமுளி மலையில் அரிக்கப்படும் மண் நேரே இங்கு வந்து படிகிறது என்று கூறுவது மிகையே. இடையிலுள்ள அணைகளும் கண்மாய்களும் வண்டலில் பெரும்பகுதியை நிறுத்திவிடுகின்றன. பாக் விரிகுடா ஆழமற்றதாதலால் காற்றும் அலையும் அடித்தரையையே கிளறிவிடுகின்றன. அடியை வாரிச் செல்லும் இழுவலைகளும் அவ்வேலையைச் செய்கின்றன. மலையிலும் கடலிலும் ஒரே முறையில் நீரின் தெளிவை அளந்து ஒப்பிடுவது மாணாக்கருக்கு ஏற்ற பயிற்சியாகும்.

அதற்குரிய கருவியை இத்தாலிய விஞ்ஞானி ஏஞ்சலோ செக்கி 1865ஆம் ஆண்டில் கடலில் சோதித்தார். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெண்ணிற வட்டத் தகட்டை நடுவில் கயிற்றால் கட்டி, அடியில் எடை தொங்கவிட்டு, படகின் நிழற்புறமாக நீரில் இறக்கவேண்டும். தகடு மறையும் ஆழத்தையும், மீண்டும் மேலே தூக்கும்போது தோன்றும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியைக் கொள்ளவேண்டும். நண்பகலையொட்டி அளத்தல் நன்று. கடலோரத்துப் படகிலிருந்து எடுக்கும் அளவையும், குமுளிப் பக்கத்துத் தேக்கங்களில் உரிய அனுமதியுடன் எடுக்கும் அளவையும், மழைக்கு முன்னும் பின்னுமாக ஒரே குறிப்பேட்டில் தேதியுடன் எழுதிவரலாம். தகடு தரையைத் தொட்டும் மறையாமலிருந்தால், 'அடிவரை தெரிந்தது' என்று மட்டும் எழுதுக; எண் எதையும் ஊகித்து எழுதலாகாது. கயிற்றில் அரை மீட்டருக்கு ஒன்றாக முடிச்சு இட்டுக்கொள்ளுதல் வேண்டும். ஈரக் கயிற்றில் மையினாலிட்ட குறி தங்காது.